நிரந்தரம் என்று ஒரு சொல்

நூல்களைத் திறனாய்வு செய்வது நம் ஏடுகளின் வழக்கம். கவிதையில் சீர் பிழைத்தால் சுட்டுகிறோம். கதையின் முடிவு பொருந்தவில்லையெனில் கடிந்துகொள்கிறோம். ஆனால் நம் குடும்பங்களில் இன்று மிகுதியாகப் படிக்கப்படும் எழுத்து கவிதையுமன்று, கதையுமன்று. வெளிநாட்டில் இவ்வளவு பணம் முதலீடு செய்தால் அங்கே குடியிருக்கும் உரிமை கிட்டும் என்று கூறும் அறிவிப்புக்களே அவை. மதுரையில் காஜிமார் தெருவிலும் மகபூப்பாளையத்திலும் நெல்பேட்டையிலும், நகருக்கு வெளியே மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கங்களிலும் அவை கைப்பேசிகளில் நாள்தோறும் சுற்றி வருகின்றன. ஒரு நல்ல கவிதைத் தொகுதி ஐந்நூறு படிகள் விற்க ஆண்டுகள் செல்லும். இவ்வெழுத்தோ ஒரே மாலையில் ஊர் முழுதும் பரவிவிடுகிறது. படித்தவனை நிலம் விற்கும் அளவுக்குச் செயலில் இறக்கிவிடும் எழுத்தைத் திறனாய்வாளன் காணாதது போல் விட்டுவிடுவது முறையன்று. ஆகவே அவ்வறிவிப்புக்களின் தமிழை, ஒரு நூலைப் படிக்கும் அதே கவனத்தோடு படித்துப் பார்க்க முற்பட்டோம்.

அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் மூன்று: பொன், நிரந்தரம், குடியுரிமை. இவற்றுள் முதற்சொல் மட்டுமே அந்நாட்டார் இட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 2019இல் தொடங்கிய ஏற்பாட்டுக்கு அரபு மொழியில் 'அல்இகாமத்துத் தஹபிய்யா' என்று பெயர். பொன் இகாமத் என்பது அதன் நேர்ப்பொருள். எஞ்சிய இரண்டும் நம்மவர் கைச்சரக்கு. மூலத்தில் இல்லாத சொல்லை மொழிபெயர்ப்பாளன் சேர்த்தால் அதைப் பிழை என்கிறோம். இங்கே சேர்க்கப்பட்ட சொற்களைக் கொண்டே சரக்கு விற்கப்படுகிறது.

இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2025 ஜூலையில் கண்டோம். 1 இலட்சம் திர்ஹம், அதாவது ஏறக்குறைய 23 இலட்சம் ரூபாய் கட்டினால், வீடு வாங்காமலும் தொழில் தொடங்காமலும், இந்தியர்க்கு ஆயுள் முழுமைக்குமான பொன் விசா கிடைக்கும் என்றொரு செய்தி இந்திய நாளேடுகள் பலவற்றில் வெளியாயிற்று. தமிழ் ஏடுகளும் விலக்கன்று. ஜூலை இரண்டாம் வாரத்தில் அமீரகத்தின் அடையாளம், குடியுரிமை, சுங்கம், துறைமுகப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான கூட்டாட்சி ஆணையம் அதை வெளிப்படையாக மறுத்தது. விண்ணப்பங்கள் அரசின் வழிகளிலேயே ஏற்கப்படும் என்றும், உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ எந்த ஆலோசனை நிறுவனத்துக்கும் அவ்வதிகாரம் இல்லை என்றும் கூறியது. செய்திக்கு மூலமாயிருந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. செய்தி முதற்பக்கத்தில் வந்தது. மறுப்பு எந்தப் பக்கத்தில் வந்தது என்பதைத் தேடித்தான் காண வேண்டியிருந்தது. அச்சில் அடங்கிய பின்னரும் வாய்ச்சொல்லாக அச்செய்தி ஊர்களில் உலவிற்று. 'ஆயுள் முழுமைக்கும்' என்ற தொடருக்கு அத்தனை ஆற்றல்.

இனி மூலச் சொல்லுக்கு வருவோம். இகாமத் என்பது 'நிற்றல்' என்ற பொருளுடைய வேரிலிருந்து வருவது. தொழுகை தொடங்கும் முன் சொல்லப்படும் இகாமத்தும் இதே சொல்தான் என்பதைப் படிப்போர் அறிவர். வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய நம் தோழர்கள் நாவில் இது 'அக்காமா' என்று உருமாறி, ஓர் அட்டையின் பெயராகவே ஆகிவிட்டது. மதறஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்க்கு இச்சொல் வேறொரு வகையிலும் அறிமுகம். பயணத்தில் இருப்பவன் முஸாஃபிர். ஓரிடத்தில் தங்கியவன் முகீம். ஹனஃபி வழியில் ஓரூரில் பதினைந்து நாள் தங்க உறுதி கொண்டால் ஒருவன் முகீம் ஆகிறான். ஷாஃபிஈ வழியில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்க நான்கு நாள் போதும். அப்பெருமக்கள் இன்னொரு நுட்பமும் செய்து வைத்தனர். பிறந்த ஊரையோ, குடும்பத்தோடு நிலைத்துவிட்ட ஊரையோ வதனுல் அஸ்லி என்றனர். சிலகாலம் தங்கும் ஊரை வதனுல் இகாமத் என்றனர். பின்னது, அவ்விடம் விட்டுப் பயணம் புறப்பட்ட அளவிலேயே நீங்கிவிடும். முன்னது அவ்வாறு நீங்காது.

ஆக, இகாமத் என்ற சொல்லுக்குள்ளேயே 'இது தங்கல். வேரூன்றல் அன்று' என்ற பொருள் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நம் அறிவிப்பாளர் இதைத் தமிழாக்கும்போது நேர் எதிரான சொல்லைப் போடுகின்றனர். அரபியில் சட்டம் எழுதியோர் இவ்வகையில் எவ்வளவு விழிப்பாக இருந்தனர் என்பதற்குச் சவூதி அரேபியா 2019 மே மாதம் கொண்டுவந்த சிறப்பு இகாமத் சட்டமே சான்று. ஒரே தடவையில் 8 இலட்சம் ரியால் செலுத்துவோர்க்கு ஒருவகை; ஆண்டுக்கு 1 இலட்சம் ரியால் செலுத்துவோர்க்கு மற்றொரு வகை. முன்னதை அவர்கள் 'தாயிமா' என்று எழுதவில்லை, 'அபதிய்யா' என்றும் எழுதவில்லை. 'கய்ரு முஹத்ததத்தில் முத்தா', அதாவது 'காலம் வரையறுக்கப்படாதது' என்றே எழுதினர். காலம் வரையறுக்கப்படாதது வேறு, என்றும் இருப்பது வேறு. பொய்த்தகவல் தந்தாலோ, குற்றத்துக்குத் தண்டனை பெற்றாலோ அது நீங்கும் என்பதற்கும் அச்சட்டத்திலேயே இடமுண்டு. சட்டம் எழுதுவோன் கொடுப்பதையும் சொல்கிறான், எடுப்பதையும் சொல்கிறான். அறிவிப்பு எழுதுவோன் முன்னதோடு நிறுத்திக்கொள்கிறான். இரண்டு உரைநடைகளுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

அரபு படித்தவர் என்ற காரணத்தால் நம்மிடம் துபாய்த் தாள்களைக் கொண்டுவந்து காட்டுவோர் உண்டு. மேலூர்ப் பக்கத்து அன்பர் ஒருவர் ஒருநாள் வந்தார். பெரியாற்றுப் பாசனத்தில் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்கப்பால் ஒருபோகம் என்பது இவ்வட்டாரம் அறிந்த செய்தி. அவர் நிலம் அப்பாலே இருந்தது. "ஒருபோகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது ஹஜ்ரத்? பிள்ளைகளுக்காவது நிரந்தரமாக ஓரிடம் ஆகட்டும்" என்றார். அவர் நீட்டிய தாளில் பத்தாண்டு என்று எழுதி, அதனருகே 'காபிலுன் லித்தஜ்தீத்' என்றிருந்தது. "இதற்குப் பொருள் 'புதுப்பித்தற்கு உரியது' என்பதுதான் பாய்" என்றோம். "அதைத்தானே ஹஜ்ரத் நிரந்தரம் என்கிறார்கள்?" என்று கேட்டார். நம் திறனாய்வு முழுதும் அவருடைய அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது எனலாம். ஆண்டுதோறும் பள்ளிவாசல் கடையின் குத்தகையைப் புதுப்பிப்பவரும் அக்கடையை நிரந்தரமாகத் தம்முடையது என்று கொள்வதில்லை.

அமீரகத்தின் ஏற்பாடு யாது? 2022 அக்டோபரில் விதிகள் தளர்த்தப்பட்ட பின், 20 இலட்சம் திர்ஹம் மதிப்புள்ள அசையாச் சொத்து வாங்குவோர்க்குப் பத்தாண்டு இகாமத் தரப்படுகிறது. நம் கணக்கில் நாலரைக் கோடி ரூபாய்க்கு மேல். அந்தச் சொத்து கையில் உள்ள வரையில் புதுப்பிக்கலாம். விற்றுவிட்டால் அடிப்படை போயிற்று. மனைவி மக்களையும் உடன் வைத்துக்கொள்ளலாம். உரியவர் மவுத்தானால் அவர் குடும்பத்தார் அந்த அட்டையின் காலம் முடியும் வரை இருக்கலாம் என்பதும் அவ்விதிகளில் உண்டு. இவ்வொரு விதியையாவது நம் தாய்மார்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். சொத்து வாரிசுகளுக்குச் சேரும். தங்கும் உரிமை தவணை வரைதான். குடியுரிமையோ முற்றிலும் வேறு. 2021 சனவரியில் அமீரகம் தன் சட்டத்தைத் திருத்தி, முதலீட்டாளர் முதலிய சிலருக்கும் குடியுரிமை வழங்க வழி செய்தது உண்மையே. ஆனால் அது ஆட்சியாளர் மன்றங்களும் அமைச்சரவையும் பெயர் முன்மொழிந்து தருவது. விலை கொடுத்தோர் எவரும் மனுச்செய்து பெறுவதன்று.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த இகாமத்தில் கஃபீல் இல்லை. கஃபீல் என்ற ஒருவரின் கையெழுத்துக்காகப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, மகளின் நிக்காஹுக்கு ஊர் வர அவர் மனம் இரங்குமா என்று காத்துக்கிடந்த தலைமுறை நம்முடையது. வேலை போனால் நாட்டை விட்டும் போக வேண்டும் என்ற நிலைமையில் முப்பது ஆண்டு கழித்தவர்கள் நம் தெருக்களில் இருக்கின்றனர். ஒருவர் தம் பெயராலேயே அங்கு இருக்கலாம், குடும்பம் பிரியாது இருக்கலாம் என்பது சிறிய பேறன்று. வணிகம் அங்கேயே நடப்பவர், வருவாய் அங்கேயே வருபவர், பொருளிருந்து வாங்கினால் அதில் குறை காண ஏதுமில்லை. இருக்கின்ற நன்மையை உள்ளபடி சொல்லி விற்கலாமே என்பதுதான் நம் வினா.

மற்ற நாடுகளின் கதையும் நெடுங்கதையன்று. 'நிரந்தரவாசி' என்ற சொல்லைத் தமிழிலேயே வழங்கும் நாடு சிங்கப்பூர். அங்கே முதலீட்டின் வழி அத்தகுதி பெற 2023 மார்ச்சு முதல் குறைந்தது 1 கோடி வெள்ளி தொழிலில் இறக்க வேண்டும். அவ்வாறு பெற்ற நிரந்தரவாசியும் கையில் மறுநுழைவு அனுமதி வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் வெளிநாட்டில் இருந்தால் நிரந்தரம் முடிந்துபோகும். அமெரிக்கா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதலீட்டாளர்க்குப் பச்சை அட்டை வழங்கத் தொடங்கிற்று. 2022 முதல் குறித்த பகுதிகளில் 8 இலட்சம் டாலர், பிற இடங்களில் 10,50,000 டாலர். பத்துப் பேருக்கு வேலை தர வேண்டும். முதல் இரண்டாண்டு நிபந்தனையோடு கூடிய அட்டையே. கனடா 1986இல் தொடங்கிய முதலீட்டாளர் திட்டத்தை 2014இல் மூடியபோது, வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த விண்ணப்பங்களையும் சேர்த்தே தள்ளிவிட்டது. பிரிட்டன் 2022 பிப்ரவரியில் மூடியது. போர்ச்சுகல் 2023இல் வீடு வாங்கும் வழியை அடைத்தது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் நிறுத்தியது. நிரந்தரம் விற்ற கடைகளே நிரந்தரமாக இருக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னரே இப்பாடத்தை நம் முன்னோர் படித்திருக்கின்றனர். மலாயாவில் நம்மவர் ஆயிரக்கணக்கில் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தனர். சிவப்பு என்றால் குடிமகன் அல்லாத நிரந்தரவாசி; நீலம் என்றால் குடிமகன். நீல அட்டைக்கு மனுப்போடலாம் என்று சொன்னபோது, "ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம், சிவப்பே போதும்" என்று இருந்துவிட்டோர் பலர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி சிவப்பு அட்டைக்காரரும் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. 1969 மே மாதக் கலவரத்தின் பின் அது இறுக்கமாக நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரவர் நாகைக்கும் சென்னைக்கும் கப்பலேறினர். அட்டையில் நிரந்தரம் என்ற சொல் அப்போதும் அழியாமலே இருந்தது.

இலங்கை கடுமையாக நடந்தது, ஆனால் சொல்லில் நேர்மை காட்டியது. 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தின் கீழ் இந்திய வணிகர்க்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் அது கொடுத்த தாளுக்குத் தற்காலிக வதிவு அனுமதி என்றே பெயர். கொழும்பில் கடை வைத்திருந்த நம்மவர் அப்பெயரைக் கேட்டுக் கசந்துகொண்டனர். கசந்ததால் விழிப்பாகவும் இருந்தனர். ஊரில் வீட்டை விற்காமல் வைத்தனர். பர்மாவிலோ எந்தப் பெயரும் உதவவில்லை. 1964இல் கடைகள் நாட்டுடைமையானபோது உடுத்த துணியோடு வந்தவர்களை நம் ஊர்கள் கண்டன.

மதுரையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது ப. சிங்காரத்தை நினையாதிருக்க முடியாது. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். இளவயதில் மேடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். 1946இல் திரும்பி, மதுரையில் நாளேட்டில் நெடுங்காலம் பணியாற்றி, 1997இல் மறைந்தவர். அவருடைய 'கடலுக்கு அப்பால்' 1959இலும் 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வெளிவந்தன. பின்னதில் கடல் கடந்த நகரத்துத் தெருவில் நிற்கிறவன் மனத்தில் மதுரைத் தெருக்கள் ஓயாது எழுகின்றன. அந்நாவலில் வரும் தமிழர் பினாங்கிலும் மேடானிலும் ஆண்டுக்கணக்கில் இருக்கின்றனர். கொடுக்கல் வாங்கல் நடத்துகின்றனர். ஆயினும் அவர்களில் எவரும் தம்மை அந்த மண்ணின் நிரந்தரவாசி என்று மயங்குவதில்லை. போர் வந்து எல்லாவற்றையும் புரட்டுகையில் அந்தத் தெளிவுதான் அவர்களிடம் எஞ்சுகிறது. இலக்கியம் என்ற முறையில் அதன் பெருமை பலவாறு பேசப்பட்டுவிட்டது. வதனுல் இகாமத் என்பதன் பொருளை இத்தனை தெளிவாகக் காட்டிய வேறொரு தமிழ்க் கதையை நாம் அறியோம் என்பதை மட்டும் இங்கே சொல்லிச் செல்கிறோம்.

நம் சமுதாயத்து எழுத்தாளர் இத்துறையில் என்ன செய்தனர்? சபுராளியை எழுதினர். அவன் விட்டுச்சென்ற மனைவியின் தனிமையை எழுதினர். மலையாளத்து மாப்பிள்ளைமாரிடையே எஸ். ஏ. ஜமீலின் துபாய்க் கத்துப் பாட்டு 1970களில் வீடுதோறும் ஒலித்தது. ஒரு பெண் கணவனுக்கு எழுதும் கடிதமாக அமைந்த அப்பாட்டு, அக்காலத்தின் பிரிவை அப்படியே பிடித்து வைத்தது. ஆனால் குடும்பத்தோடு போய்விடுகிறவன் கதையில் கடிதம் எழுத எவரும் இல்லை. அங்கே துயரம் வேறிடத்தில் இருக்கிறது. பூட்டிய வீட்டில் இருக்கிறது. அவ்வீட்டின் திண்ணையில் சாவியோடு உட்கார்ந்திருக்கும் வாப்பாவிடம் இருக்கிறது. பாகம் பிரிக்கும்போது தன் பங்கை விட்டுக்கொடுத்த லாத்தாவிடம் இருக்கிறது. இந்தக் கதை இன்னும் நம் ஏடுகளுக்கு வந்து சேரவில்லை. எழுத்தாளன் எழுதாது விட்ட இடத்தில் அறிவிப்பாளன் எழுதிக்கொண்டிருக்கிறான்.

லாத்தாவின் பங்கு என்றோம். நாலரைக் கோடி என்பது நம் தெருக்களில் ஒருவர் கைப்பணமன்று. அது பெரும்பாலும் பொதுச் சொத்தை விற்று, உடன்பிறந்தாரிடம் "பிறகு தருகிறேன்" என்று சொல்லித் திரட்டும் தொகை. அது கடல் கடக்கும் வழியையும் அறிவிப்புக்கள் சொல்வதில்லை. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். 20 இலட்சம் திர்ஹம் என்பது ஏறத்தாழ 5,45,000 டாலர். ஆகவே ஒருவர் பெயரில் மூன்று நிதியாண்டு தேவை. அல்லது குடும்பத்தில் மூவர் தத்தம் பெயரில் அனுப்ப வேண்டும். இவ்வழியில் சொத்து வாங்க அனுப்பும் பணத்துக்கு இங்குள்ள வங்கி கடன் தரலாகாது. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்படும் தொகைக்கு நூற்றுக்கு 20 வீதம் வரி முன்கூட்டிப் பிடிக்கப்படுகிறது. பின்னர்க் கணக்குக் காட்டி ஈடு செய்யலாம் என்றாலும், அன்றைக்குக் கையிலிருந்து போகவேண்டிய பணம் அது.

இந்த வரம்புகளைச் சொன்னதும், "உண்டியலில் போட்டுவிடலாமே" என்று ஒருவர் சொல்லுவார். 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, முறைதவறி அனுப்பிய தொகையின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். 2015இல் சேர்த்த பிரிவின்படி, வெளிநாட்டில் உள்ள சொத்துக்கு ஈடான சொத்தை இந்தியாவில் கைப்பற்றவும் வழியுண்டு. அங்கே வாங்கிய வீட்டுக்காக இங்கே எஞ்சியிருக்கும் வீடும் போகலாம் என்பது இதன் பொருள். இன்னொரு மயக்கமும் உண்டு. பொன் அட்டை கையில் வந்ததும் வருமான வரி நீங்கிவிட்டதாக எண்ணுவோர் பலர். இந்தியச் சட்டம் ஒருவர் எங்கே வசிப்பவர் என்பதை அட்டையைக் கொண்டு முடிவு செய்வதில்லை. இந்நாட்டில் இருந்த நாட்களை எண்ணித்தான் முடிவு செய்கிறது. 182 நாள் என்ற கணக்கு வணிகர் அறிந்ததே. வேறெங்கும் வரி கட்டும் கடப்பாடில்லாத இந்தியக் குடிமகனுக்கு இந்தியாவிலிருந்து 15 இலட்சத்துக்கு மேல் வருவாய் இருந்தால் அவரை இங்கு வசிப்பவராகவே கொள்ளும் விதியும் 2020இல் வந்தது. இங்கேயும் ஒரு வேடிக்கை: அங்கே முகீம் என்று அட்டை வைத்திருப்பவர் இங்கேயும் முகீம் என்றே எண்ணப்படுகிறார்!

சொல்லைப் பற்றித் தொடங்கியதால் சொல்லோடு முடிப்போம். 'வதிவு' என்பது இலங்கைத் தமிழர் இன்றும் அரசுத் தாள்களில் வழங்கும் நல்ல சொல். இகாமத்துக்கு அது பொருந்தும். காலம் குறித்துத் தரப்படுவதைத் 'தவணை வதிவு' என்றும், சவூதியின் உயர்ந்த வகையைக் 'காலவரையறை இல்லா வதிவு' என்றும், அமெரிக்காவின் முதலிரண்டாண்டு அட்டையை 'நிபந்தனை வதிவு' என்றும் எழுதலாம். குடியுரிமை என்ற சொல்லைப் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் விட்டுவைக்கலாம். இவ்வேட்டுக்கு எழுதுவோரும் நாளேடுகளில் பணிபுரியும் நம் இளைஞரும் இப்படி எழுதத் தொடங்கினால் எவருக்கும் இழப்பில்லை. அறிவிப்பாளர்க்கு மட்டும் சிறிது உண்டு. தாளின் தலைப்பில் 'தவணை' என்றிருந்தால், படிப்பவர் எடுத்த எடுப்பிலேயே "எத்தனை ஆண்டு?" என்று கேட்டுவிடுவார்.